இங்கிலாந்துச் சிற்றூர்த் தேவாலய வளாகத்தில் போர் நினைவுச் சிலுவை: அதன் வரலாற்றுப் பொருள் என்ன? வடசென்னையில் அதற்கு ஈடான கல் உண்டா?

கேள்வி: கல்மண்டபத்தான், ராயபுரம்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு சிறிய கிராமத்தில் குடும்பத்துடன் வசிக்கிறாள். இந்த ஆண்டு அவளுடன் தங்கியிருந்தபோது, அவ்வூரின் பழைய தேவாலய வளாகத்தில், சாலையைப் பார்த்தவாறு எண்கோணப் பீடத்தின் மேல் நிற்கும் ஒரு கற்சிலுவையைக் கண்டேன். பீடத்தைச் சுற்றி முதல் உலகப் போரில் உயிரிழந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வருகிறது. அவற்றுக்குக் கீழே, கிடைத்த இடத்தில் ஒடுக்கி எழுதியது போல, இரண்டாம் உலகப் போரில் இறந்த சிலரின் பெயர்கள் இருக்கின்றன. அக்காலத்தில் அந்த ஊரில் மொத்தமே சில நூறு பேர்தாம் வாழ்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, அப்பட்டியலின் நீளம் மனத்தை உலுக்குகிறது.

அங்குள்ள மற்ற ஊர்களுக்குச் சென்றபோதும் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் இத்தகைய கல் ஒன்றைப் பார்த்தேன். எனவே சில ஐயங்கள் எழுந்தன. ஊருக்கு ஊர் இப்படி ஒரு நினைவுச் சின்னம் எழுந்ததற்குக் காரணம் என்ன? போர் 1918இல் முடிந்ததாகப் படித்திருக்கிறோம். பல கற்களில் 1914–1919 என்று இருப்பது ஏன்? அதே வளாகத்தின் ஓர் ஓரத்தில், மற்றக் கல்லறைகளிலிருந்து வேறுபட்டு, ஒரே அளவில் வெண்ணிறக் கற்கள் இரண்டு மூன்று நிற்கின்றனவே, அவை எவை?

கடைசியாக, எனக்கு மிக முக்கியமான கேள்வி. நம் கடற்கரையில் கோட்டைக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்தை எல்லோரும் அறிவோம். உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் கப்பல் குண்டு வீசியதைக் குறிக்கும் கல்வெட்டையும் அறிவோம். முன்னது மாகாணம் முழுவதற்கும் உரியது. பின்னது ஒரு நிகழ்ச்சிக்கு உரியது. ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ போருக்குப் போய்த் திரும்பாத ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய தெருவோரக் கல் எதையும் நான் பார்த்ததில்லை. நம்மவர்கள் போகவே இல்லையா, அல்லது போனவர்கள் கல்லில் ஏறவில்லையா?


மறுமொழி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

ஐயா, வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி ஒரு தடை உத்தரவில் அடங்கியிருக்கிறது. 1915 ஏப்ரலில், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனான ஓர் இளம் அதிகாரி பிரெஞ்சு மண்ணில் கொல்லப்பட்டார். செல்வாக்குள்ள குடும்பம் என்பதால், அவருடைய உடல் தோண்டி எடுக்கப்பட்டு அரச அனுமதியுடன் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் தம் பிள்ளைகளின் உடலைக் காணவே வழியின்றி நிற்கையில், வசதி படைத்தோர் மட்டும் உடலைக் கொண்டுவருவது முறையன்று என்ற எண்ணம் வலுத்தது. அதே ஆண்டில் உடல்களைத் தாயகம் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. போர் முடிந்த பிறகும் பிரிட்டன் அந்தத் தடையை விலக்கவில்லை. போரில் விழுந்தவர் விழுந்த நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது விதியாயிற்று.

இந்த விதியின் விளைவை ஓர் ஊரின் அளவில் எண்ணிப் பாருங்கள். அந்தக் கிராமத்துத் தாய் ஒருத்திக்குத் தன் மகனின் கல்லறை பிரான்சிலோ, துருக்கியின் கலிப்போலியிலோ, இன்றைய ஈராக்கான மெசபொட்டேமியாவிலோ இருக்கிறது. அங்கே சென்று வரும் பணம் அவளிடம் இல்லை. பலருக்கு அடையாளம் காணத்தக்க உடலே கிடைக்காததால் கல்லறையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அவளுடைய குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்ட நிலம் தேவாலயத்தைச் சுற்றியுள்ள வளாகமே. அவன் வந்து சேர வேண்டிய இடமும் அதுதான். ஆகவே, உடல் வர முடியாத இடத்துக்குப் பெயரையாவது கொண்டுவர வேண்டும் என்று ஊரார் முடிவு செய்தார்கள். நீங்கள் பார்த்த சிலுவை அந்த முடிவின் வடிவம். அதன் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. ஆயினும் ஊரார் அதற்குக் கல்லறைக்குச் செய்யும் மரியாதை அனைத்தையும் செய்கிறார்கள்.

இந்தச் சின்னங்களை அரசாங்கம் கட்டித் தரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊரில் ஒரு குழு கூடியது, வீடு வீடாகப் பணம் திரட்டப்பட்டது, சிலுவை வைப்பதா, ஊர்ப் பொதுமண்டபம் கட்டுவதா, மருத்துவமனைக்கு நன்கொடை தருவதா என்று நீண்ட விவாதங்கள் நடந்தன. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத பிற கிறித்தவ சபையார், தேவாலய வளாகம் எல்லோருக்கும் பொதுவான இடமாகாது என்று மறுப்புத் தெரிவித்த ஊர்களில், கல் ஊர்ப் பசும்புல்வெளியிலோ சாலைச் சந்திப்பிலோ நிறுவப்பட்டது. வளாகத்துக்குள் வைப்பதாயின் மறைமாவட்டத்தின் முறையான அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. 1923இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, உள்ளாட்சி மன்றங்கள் இவற்றைப் பராமரிக்க வரிப்பணத்தைச் செலவிடும் அதிகாரம் பெற்றன. பெரும்பாலான கற்கள் அதற்கு முன்பே, போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, ஊராரின் சொந்தப் பணத்தில் எழுந்துவிட்டன.

வரலாற்று நோக்கில் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் போரில் இறந்த தளபதிகளுக்குச் சிலை உண்டு. உயர்குடி அதிகாரிகளுக்குத் தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகை உண்டு. சாதாரணச் சிப்பாய் பெயரின்றிப் பொதுக்குழியில் போனான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு, அதாவது 1902ஐ ஒட்டி, சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களும் ஊர்களில் கல்லில் ஏறத் தொடங்கின. முதல் உலகப் போர் அதை நாடு தழுவிய வழக்கமாக்கியது. பண்ணையாரின் மகனும் அவருடைய குதிரைலாயத்தில் வேலை செய்தவனும் அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்பதை அந்தக் கற்களில் பார்க்கலாம். சில ஊர்கள் பதவியைக் குறிப்பிட்டன. பல ஊர்கள் அதையும் விட்டுவிட்டன.

குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. 1916 தொடக்கத்தில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வரும்வரை படைக்குச் சென்றோர் தாமாக முன்வந்தவர்கள். ஒரே ஊரார், ஒரே ஆலைத் தொழிலாளர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து பதிவு செய்தால் சேர்ந்தே பணிபுரியலாம் என்ற வாக்குறுதியுடன் பல படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தனர். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே இறந்ததால், சில ஊர்களில் ஒரே வாரத்தில் தெருவெங்கும் இழவுச் செய்தி வந்தது. போனவர் அனைவரும் உயிருடன் திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 50ஐச் சற்றே தாண்டும். அவற்றை நன்றியுள்ள ஊர்கள் என்று அழைக்கிறார்கள்.

ஆண்டைப் பற்றி: 1918 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது போர்நிறுத்தம் மட்டுமே. ஜெர்மனியுடனான வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தாயிற்று. எந்த நாளைப் போரின் முடிவாகக் கொள்வது என்பதை அந்தந்த ஊர்க் குழுவே தீர்மானித்தது. 1919இல் காயத்தாலும் நோயாலும் இறந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவும் பல ஊர்கள் பிந்தைய ஆண்டைத் தேர்ந்தன.

நீங்கள் பார்த்த வெண்கற்கள் மெய்யான கல்லறைகள். காயமடைந்து தாயகம் வந்து, அங்குள்ள மருத்துவமனையில் இறந்தவர்களையும், பயிற்சியின்போது இறந்தவர்களையும் சொந்த ஊரிலேயே அடக்கம் செய்ய முடிந்தது. அக்கற்களைப் பராமரிப்பது 1917 மே 21 அன்று அரச சாசனத்தால் நிறுவப்பட்ட போர்க் கல்லறைகள் ஆணையம். இப்போது அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். தளபதியானாலும் சமையற்காரரானாலும் ஒரே உயரம், ஒரே அகலம் என்பது அதன் கொள்கை. ஊரார் எழுப்பிய சிலுவைக்கும் அந்த ஆணையத்துக்கும் பொதுவாகத் தொடர்பில்லை. ஒரே வளாகத்தில் இரண்டும் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


மறுமொழி: ஒற்றியூர் வாசகி

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. கல்மண்டபத்தார் கேட்ட கடைசிக் கேள்வியைத்தான் நான் பல காலமாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நம்மவர்கள் போனார்கள். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். சென்னை மாகாணத்தின் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினர் மெசபொட்டேமியாவில் பாலமும் பாதையும் அமைத்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் நடந்து தோல்வியில் முடிந்த தாக்குதலில் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் இறக்கப்பட்டன. சென்னையில் திரட்டப்பட்ட போர் நிதியைக் கொண்டு ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பல் இயக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தியோரைப் போலவே சுமை தூக்கியோர், தண்ணீர் கொண்டுசென்றோர், கோவேறு கழுதைகளை நடத்தியோர், கப்பல்களின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டோர் என்று பல்லாயிரம் பேர் இருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இந்தக் கடைசி வகையினரே மிக நெருக்கமானவர்கள்.

அவர்கள் கல்லில் ஏறிய விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். போருக்குப் பிறகு இந்திய அரசு பல ஊர்களில் ஒரே மாதிரியான சிறு பளிங்குப் பலகைகளைப் பதித்தது. பஞ்சாபில் இவை மிகுதி. தமிழகத்தின் சில ஊர்களிலும் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்பதே அவற்றின் வாசகம். வாசகம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. ஊருக்கு ஊர் மாறுவது ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டுமே. இங்கிலாந்துக் கிராமத்தின் சிலுவை யார் என்று சொல்கிறது. நம் ஊர்ப் பலகை எத்தனை என்று சொல்கிறது. கல்மண்டபத்தார் ஐயா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: நம்மவர்கள் கல்லில் ஏறினார்கள், ஆனால் தொகையாக ஏறினார்கள்.

இது ஊர்ப் பலகையோடு நிற்கவில்லை. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. மெசபொட்டேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். பிரிட்டிஷ் படையினர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் வெட்டப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே வெட்டப்பட்டன. சிப்பாய்கள் அந்தந்தப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன சமத்துவக் கொள்கையை வகுத்த அதே ஆணையத்தின் மேற்பார்வையில்தான் இது நடந்தது. இத்தனைக்கும் பிரான்சில் நேவ் ஷப்பேல் என்ற இடத்தில், 1927இல் திறக்கப்பட்ட இந்தியப் படையினர் நினைவகத்தில், 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை முழுமையாக வெட்ட முடிந்தது. ஐரோப்பியர் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் பெயர், பாலைவனத்தில் எண் என்று ஆகிவிட்டது. 2021இல் அந்த ஆணையமே அமைத்த சிறப்புக் குழுவின் அறிக்கை இந்தப் பாகுபாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை, அல்லது எவ்வகையிலுமே நினைவுகூரப்படவில்லை என்று அது கூறியது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

சென்னையில் பெயர்களைப் பார்க்க விரும்பினால் நந்தம்பாக்கத்தில் பூந்தமல்லி சாலையை ஒட்டியுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் இருந்தவர்கள், அங்கே நிரந்தரப் பராமரிப்புக்கு உறுதியில்லை என்பதால் இங்கே மாற்றப்பட்டார்கள். தோட்டத்தின் பின்பகுதியில் 1914–1918 நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. முதல் போரில் இறந்து இந்தியாவின் பல கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. வடசென்னையிலிருந்து அது தொலைவு என்றாலும், நம் பிள்ளைகளை ஒரு முறையேனும் அழைத்துச் சென்று காட்ட வேண்டிய இடம் என்றே சொல்வேன்.


மறுமொழி: பெரம்பூர் நூலகர்

இரண்டு விளக்கங்களையும் படித்தேன். தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பேச்சு போகும் திசையைக் குறித்து ஒரு கவலை உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

அந்தப் போர் நம்முடையது அன்று. நம் மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பல கற்களில் வெட்டப்பட்டிருக்கும் 1919 என்ற அதே ஆண்டில்தான் ரௌலட் சட்டம் வந்தது, ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. போரில் உயிர் கொடுத்த நாட்டுக்கு அதே ஆண்டில் கிடைத்த கைம்மாறு அது. இந்தச் சூழலில், ஏகாதிபத்தியத்தின் போருக்கு நம் தெருமுனைகளில் கல் இல்லையே என்று வருந்துவது சரிதானா?

நம் நகரமே இதற்கு ஒரு முறை விடை சொல்லியிருக்கிறது. 1857 எழுச்சியை அடக்கச் சென்று அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடிய பழிவாங்கலை நடத்திய, சென்னை ஃபியூசிலியர்ஸ் படையின் நீல் என்ற அதிகாரிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்ற பிறகு சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கல்லில் ஏற்றுவது என்பது போற்றுவது என்று அந்தத் தொண்டர்கள் புரிந்துகொண்டார்கள். நானும் அப்படியே புரிந்துகொள்கிறேன்.


மறுமொழி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பெரம்பூர் அன்பரின் கவலை மதிக்கத்தக்கது. நீல் சிலை அகற்றப்பட்டது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிலையையும் பெயர்ப் பட்டியலையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீலின் சிலை, ஒருவன் செய்த செயலைப் பெருமைப்படுத்த எழுந்தது. ஊர்ப் பட்டியலில் உள்ளவன் என்ன செய்தான் என்று அந்தக் கல் ஒரு சொல்லும் கூறுவதில்லை. அவன் திரும்பவில்லை என்று மட்டுமே கூறுகிறது.

மேலும், இந்தக் கற்கள் எப்போதும் அரசின் குரலாகவே இருந்தன என்றும் சொல்லிவிட முடியாது. லிங்கன்ஷயரில் ஃபுல்ஸ்டோ என்ற சிற்றூரில் முதல் போருக்குப் பின் நினைவுச் சின்னம் எழுப்பப் பேச்சு நடந்தது. அவ்வூர்ச் சிப்பாய் ஒருவர், பல ஆண்டு போர்முனையில் இருந்த பிறகு, படையை விட்டு நீங்கினார் என்ற குற்றத்துக்காக 1917இல் தன் சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றபோது, அப்படியானால் எங்கள் பிள்ளைகளின் பெயர்களும் வேண்டாம் என்று மற்றக் குடும்பங்கள் மறுத்துவிட்டன. அந்த ஊர் பல பத்தாண்டுகள் கல்லின்றியே இருந்தது. 2005இல்தான், அவர் பெயரும் சேர்ந்த நினைவுப் பலகை அங்கே வைக்கப்பட்டது. அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆக, அரசு மன்னிப்பதற்கு முன்பே அந்த ஊர் மன்னித்துவிட்டது. இங்கே கல்லை எழுப்பாததே ஓர் ஊரின் எதிர்ப்பாக இருந்திருக்கிறது.

வறுமை துரத்தியதால் படையில் சேர்ந்து, யாருக்காகப் போரிடுகிறோம் என்பதே தெளிவாகத் தெரியாமல் பஸ்ராவில் காலரா கண்டு இறந்த ஒருவனின் பெயரை மீட்பது ஏகாதிபத்தியத்தைப் போற்றுவதாகாது. அவனை எண்ணாக மாற்றியது அந்த ஏகாதிபத்தியமே.


மறுமொழி: வியாசர்பாடித் தமிழாசிரியை

இந்த இழையில் நடுகல் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் சில வரிகள் சேர்க்கிறேன். போரில் இறந்த சாதாரண மனிதனின் பெயரைக் கல்லில் வெட்டுவது ஐரோப்பாவில் கடந்த நூற்றாண்டில் பரவிய வழக்கம் என்று ஆசிரியர் ஐயா குறிப்பிட்டார். நம் மண்ணில் அது மிகப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டவை. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, நடந்த பூசல், இறந்தவனின் பெயர், அவன் யாருடைய சேவகன் என்பது வரை காணலாம். ஆநிரை மீட்கப் போய் இறந்த எளிய வீரனுக்கும் கல் உண்டு. கல்லைத் தேடிக் காண்பது முதல் அதை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசையாகச் சொல்கிறது.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நடுகல் பெரும்பாலும் ஒருவனுக்கு உரியது. அவன் உருவமும் ஆயுதமும் அதில் செதுக்கப்பட்டிருக்கும். கல்மண்டபத்தார் பார்த்த சிலுவையில் உருவமே இல்லை, பெயர்கள் மட்டுமே உண்டு. ஆனால் வாழ்த்தல் என்ற கடைசி நிலை இரண்டிலும் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊரார் கூடி, இரண்டு நிமிடம் மௌனம் காத்து, கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார்கள். எண்ணை மட்டும் வெட்டிய பலகையின் முன் நின்று எதைப் படிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் ஓரிடம், கல் ஓரிடம் என்ற நிலையை வடசென்னையிலேயே பார்க்கலாம். கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் பழைய கல்லறைக் கற்களின் அடியில் அவற்றுக்கு உரியவர்கள் இல்லை. அந்தக் கற்கள் முதலில் இன்றைய உயர் நீதிமன்ற, பழைய சட்டக் கல்லூரி வளாகப் பகுதியில் இருந்த இடுகாட்டில் நின்றன. 1758–59இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்திக் கோட்டையைத் தாக்கியது. முற்றுகை நீங்கியதும், மீண்டும் எதிரிக்கு உதவக் கூடாது என்று ஆங்கிலேயர் கற்களைப் பெயர்த்துத் தேவாலய வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சில மட்டுமே பழைய இடத்தில் விடப்பட்டன. கூர்நுனிக் கோபுரம் போன்ற கல்லறை ஒன்றும் அவற்றுள் அடங்கும். போரின் தடம் பதிந்த தேவாலய வளாகத்தைக் காண நாம் இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை.


மறுமொழி: கல்மண்டபத்தான், ராயபுரம்

இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. பெரம்பூர் அன்பரின் கேள்வி என்னையும் தைத்தது. ஆனாலும் ஆசிரியர் ஐயாவின் பக்கமே என் மனம் சாய்கிறது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார், தங்கள் பாட்டனாரின் தமையன் முதல் உலகப் போரின்போது கப்பலில் கரி அள்ளும் வேலைக்குச் சென்று திரும்பவே இல்லை என்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கடிதமோ, படமோ, பதக்கமோ அவர்களிடம் இல்லை. இத்தகையவர்களின் பெயரை எங்கே, எப்படித் தேடுவது?


மறுமொழி: ஒற்றியூர் வாசகி

ஐயா, வழி உண்டு. கடலில் இறந்த இந்திய மாலுமிகளுக்கென மும்பையில் உள்ள மாலுமிகள் இல்லத்தில் 1914–1918 நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத 2,000க்கும் மேற்பட்டோர் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களின் பெயர்களையும், பஸ்ராவில் எண்ணாக்கப்பட்ட சிப்பாய்களின் பெயர்களையும் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் இன்று கட்டணமின்றித் தேடலாம்.

தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். முனுசாமி, ஆறுமுகம் போன்ற பெயர்களை அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் கிடைக்கும். இந்தியர்களின் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவை கூடுதல் குறிப்பாகத் தரப்பட்டுள்ளன. எனவே ராயபுரம், சென்னை என்ற ஊர்ப் பெயர்களைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் இட்டு, அந்தக் குறிப்புப் பகுதியில் தேடுங்கள். அக்குடும்பம் கிறித்தவக் குடும்பமாயின் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் தந்தை பெயரை உறுதி செய்துகொள்ளலாம்.

பதிவேட்டில் பெயர் இல்லையென்றாலும் கதவு மூடிவிடவில்லை. விடுபட்டவர்களுக்காகச் சான்றுகளுடன் விண்ணப்பித்தால் ஆணையம் பரிசீலித்துச் சேர்க்கிறது. முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை நிகழ்ந்த இறப்புகளை அது கணக்கில் கொள்கிறது. படைவீரராயின் அந்தக் காலத்துக்குள் பணியில் இருக்கும்போது இறந்தார் என்பதே போதும். வணிகக் கப்பல் ஊழியருக்கு விதி கடுமையானது. போரின் விளைவாக, அதாவது எதிரியின் தாக்குதலாலோ கண்ணிவெடியாலோ இறந்தார் என்பதை நிறுவ வேண்டும். ஆகவே அவர் ஏறிய கப்பலின் பெயரே இதில் மிகப் பெரிய திறவுகோல். கப்பல் தெரிந்தால், அது எங்கே, எந்த நாளில் மூழ்கியது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அக்குடும்பத்தின் மூத்தவர்களிடம் கப்பல் பெயர், நிறுவனத்தின் பெயர், அவர் கடைசியாகப் புறப்பட்ட துறைமுகம் ஆகியவற்றில் எது நினைவிருந்தாலும் கேட்டு, சொன்னவர் பெயருடனும் தேதியுடனும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரைகுறையாக உச்சரித்தாலும் அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம்.


மறுமொழி: கல்மண்டபத்தான், ராயபுரம்

மிக்க நன்றி அம்மா. அக்குடும்பத்தில் எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். அந்தக் கப்பலின் பெயரைத் தம் மாமனார் சொல்லிக் கேட்டிருப்பதாக முன்பு ஒரு முறை அவர் கூறியதுண்டு. இந்த வாரமே அவரிடம் பேசி, அவர் உச்சரிக்கும்படியே எழுதி இங்கே பதிவிடுகிறேன். ஆங்கிலக் கப்பல் பெயர்களை அறிந்தவர்கள் அதைப் படித்து அடையாளம் காண உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.